வாய்க்கால் தெருவின் நல்ல தண்ணீர்

செப்டம்பர் 9, செவ்வாய். இன்று தெரிந்த தவறு: போன வாரம் சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க, கேன் தண்ணீர் இருந்த பழைய பாட்டிலை எடுத்தேன். மூன்று முறை அலச வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். இரண்டு முறைதான் அலசினேன் என்று நினைக்கிறேன். ஒரு முறையாகவும் இருக்கலாம்.

எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, ‘பழைய’ என்பதை அடித்து ‘பயன்படுத்திய’ என்று திருத்தினாள் சுடர்விழி. மாலை வகுப்பில் எல்லாரும் இப்படியொரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். அன்றைய தவறு, மறுநாள் வேலை, அவ்வளவுதான். மற்ற பத்தொன்பது பேரும் மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாகத் தவறு செய்தார்கள். சுடர்விழி ஒருத்திதான் தினமும் செய்தாள்.

நோட்டுக்குப் பக்கத்தில் ஆய்வகத்திலிருந்து வந்த தாள் கிடந்தது. ஆலத்தங்குடி வாய்க்கால் தெரு அடிபம்புத் தண்ணீர். கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 64 மில்லிகிராம். குடிக்க மிகவும் உகந்தது.

அந்த அடிபம்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. டீ போட்டால் பால் திரிந்துவிடும். புது எவர்சில்வர் குடம் ஆறு மாதத்தில் உள்ளே வெள்ளையாகப் பூத்துப்போகும். சுடர்விழி பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில்தான் இருக்கிறாள். இருபத்து நான்கு வருஷத்தில் அந்தத் தண்ணீரை யாரும் உகந்தது என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

ஊர்க்காரர்களே திட்டம் எழுதிக் கொடுத்தால் குடிநீர் வேலைகளுக்குப் பணம் தருகிற நிதியம் ஒன்று இருந்தது. எப்படி எழுதுவது என்று சொல்லித்தர நன்னிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாரம் இரண்டு நாள் மாலை வகுப்பு நடத்தினார்கள். பகலில் உரக்கடையில் பில் போட்டுவிட்டு, ஆலத்தங்குடி சார்பில் சுடர்விழி போய் வந்தாள். வகுப்பெடுத்தவர் மாலதி. பகலில் அதே நிதியத்தில் மனுக்களைச் சரிபார்க்கும் பொறியாளரும் அவர்தான்.

மாலதி முதல் நாளே கரும்பலகையில் நான்கு விதிகளை எழுதிப் போட்டார். இருப்பதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்த பிறகே புதிதாகக் கேட்க வேண்டும். கட்டுகிற செலவோடு முப்பது வருஷப் பராமரிப்பையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். குடிக்கப் போகிறவர்களைக் கேட்காமல் எதையும் வரையக் கூடாது. கடைசி விதிதான் கத்தி மாதிரி: இப்போது குடிக்கும் தண்ணீரில் உப்பு ஐந்நூறுக்கு மேல் இருந்தால்தான் மனு நிற்கும்.

மேலத்தெருத் தொட்டியிலிருந்து வரும் குழாய், கோயிலோடு நின்றுவிட்டது. அங்கிருந்து வாய்க்கால் தெருவுக்கு ஒன்றே கால் கிலோமீட்டர். நாற்பத்து மூன்று வீடுகள். சுடர்விழி ஒவ்வொரு வீடாகப் போய் ஆட்களை எண்ணினாள். சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினாள். தெருக் கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கினார்கள். தண்ணீர் எப்போது வரும் என்று யாரோ கேட்டபோது, மனு தேறி, டெண்டர் போய், இரண்டு மழைக்காலத்தைக் கழித்தால் மூன்று வருஷம், நான்கும் ஆகலாம் என்று உண்மையைச் சொன்னாள். கூட்டம் அதன்பின் கொஞ்சம் சீக்கிரமாகவே கலைந்துபோனது.

அவளுக்கு அது வெறும் மனு இல்லை. அப்பா வீரையனுக்கு இரண்டு முறை சிறுநீரகக் கல் எடுத்தாகிவிட்டது. இனி ஒருமுறை வந்தால் வலது பக்கச் சிறுநீரகம் தாங்காது, நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரம் இரண்டு முறை வரும் டேங்கரில் பிடிக்கும் ஆறு குடத்தை அப்பாவுக்கென்று மூடி வைப்பார்கள். டேங்கர் வராத வாரத்தில் அவரும் பம்புத் தண்ணீர்தான் குடித்தார்.

ஆய்வகத் தாளை அம்மா அமிர்தத்திடம் காட்டினாள். அம்மா அதை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"கவர்மெண்டு முத்திரை போட்டுருக்குல்ல. அப்ப சரியாத்தான் இருக்கும்."

"நம்ம வீட்டுல பருப்பு வேகலையேம்மா."

"அது பருப்பு சரியில்ல."

சுடர்விழி பம்படிக்குப் போய் ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்தாள். தொண்டை வரைக்கும் கரித்தது. ஆனால் கருவி அறுபத்து நான்கு என்கிறது. கருவியை விடத் தன் நாக்கு நம்பத்தகுந்தது என்று சொல்ல அவளிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? திரும்பி வந்து அண்ணனிடம் ஒரு டம்ளர் கொடுத்தாள். அன்பரசனுக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவன். அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு டம்ளரை அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்தான்.

"நல்லாத்தான் இருக்கு."

"கரிக்கலையாண்ணே?"

"லேசா இனிக்குற மாதிரிகூட இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

உனக்குச் சின்ன வயசிலிருந்தே நாக்கு அப்படித்தான் என்று அம்மா சொன்னாள். மறுநாள் சுடர்விழி சுகாதார நிலையத்துக்குப் போய், நாக்கில் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று நர்ஸிடம் நீட்டிக் காட்டினாள். நர்ஸ் ஒரு பி காம்ப்ளக்ஸ் அட்டை கொடுத்து அனுப்பினார்.

தவறு பாட்டிலில்தான் என்று அவள் முடிவு செய்தாள். மாலதியிடம் ஒப்புக்கொண்டு இன்னொரு வாய்ப்புக் கேட்டாள். இந்த முறை ஆய்வகம் தந்த புது பாட்டில். பம்பை ஐந்து நிமிடம் கடிகாரம் பார்த்து அடித்தாள். மூன்று முறை அலசினாள்; எண்ணிக்கை தப்பியிருக்குமோ என்று நான்காவது முறையும் அலசினாள். மூடியைச் சுற்றி நாடா ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட்டாள். ஆய்வக வண்டி மறுநாள் காலையில்தான் நன்னிலத்துக்கு வரும்; அதுவரை பாட்டில் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். தெருவில் ஃப்ரிட்ஜ் உள்ள வீடு எதிர்வீட்டு ராசம்மாள் அத்தையுடையது. அத்தை மாவுப் பாத்திரத்தை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தாள். முதல் முறை போல அண்ணன் வண்டியில் அனுப்பாமல் சுடர்விழியே விடியற்காலையில் பாட்டிலை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

வழியில் பார்த்தபோது நாடாவின் மேல் இருந்த கையெழுத்து வழக்கத்தை விட அழகாக இருந்தது. பதற்றமில்லாமல் போட்டால் நம் கையெழுத்தும் இப்படித்தான் வரும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

பதினாறாம் தேதி முடிவு வந்தது. உப்பு 61.

இரண்டு முடிவுகள் ஒன்றுபோல வந்ததால், நிதியம் அவற்றை ஊராட்சிக்கும் அனுப்பியது. ஊராட்சியில் அன்றே அவற்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மறுநாள் வாய்க்கால் தெருவுக்கு வர வேண்டிய டேங்கர் வரவில்லை. விசாரித்தபோது, உங்களுக்குத்தான் பன்னீர் மாதிரி தண்ணீர் வருகிறதே, டேங்கரைத் தென்பாதிக்குத் திருப்பிவிட்டோம் என்றார்கள்.

தெருவுக்கு என்ன முகத்தோடு திரும்புவது என்று தெரியாமல், சுடர்விழி அன்று ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தாள். சாலையில் குறுவை நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கி, வசவு கேட்கத் தயாராகத் தெருவில் நுழைந்தாள். யாரும் வையவில்லை. நான்கைந்து வீட்டில் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். எல்லாம் கேன் தண்ணீர் காபி. ராசம்மாள் அத்தை அவளை நிறுத்தித் தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்துவிட்டாள்.

"நீ நல்லா இருப்படி" என்றாள்.

"டேங்கர் நின்னுபோச்சு அத்தை. என்னாலதான்."

"போவுது விடு. வண்டியில வர்ற தண்ணி எத்தன நாளைக்கு."

இவ்வளவு நல்ல மனிதர்களை ஏமாற்றிவிட்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. அன்றைய தவறு என்ற இடத்தில் அரைப் பக்கம் எழுதினாள்.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் மாலதி அவளை நிறுத்தி வைத்தார். மனுவைத் தள்ளுபடி செய்யும் கடிதம் தயாராக இருந்தது. ஒரே ஒரு வழி பாக்கி. ஆய்வக ஊழியரே நேரில் வந்து, எல்லார் முன்னாலும் பம்படியில் வைத்து அளப்பது. அதை எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். ஆனால் அப்படி வரும் முடிவுதான் கடைசி ஆதாரம் என்று விதி இருக்கிறது. யோசித்துக் கேளுங்கள் என்றார். சுடர்விழி யோசித்தாள். தவறு தன்னுடையது என்றால், தன் கை படாத சோதனையில் உண்மை வெளியே வந்துதானே ஆக வேண்டும்? எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்றே வீட்டில் சொல்லவும் செய்தாள். ஆய்வக ஆள் எத்தனை மணிக்கு வருவார் என்று அம்மா இரண்டு முறை கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை, இருபத்து மூன்றாம் தேதி, செந்தில்குமார் என்கிற ஆய்வகக்காரர் கையில் மீட்டரோடு வந்து இறங்கினார். பம்படியில் பம்பு இருந்தது, கைப்பிடி இல்லை.

வாஷர் தேய்ந்து போச்சு, மெக்கானிக் காலையில்தான் பிடியைக் கழற்றிக்கொண்டு போனான் என்றாள் ராசம்மாள் அத்தை. அதனாலென்ன, நேற்று சாயந்திரமே இதே பம்பில் பிடித்து வைத்த தண்ணீர் வீட்டுக்கு வீடு இருக்கிறது என்று கையைக் காட்டினாள். வேப்பமரத்தடியில் எட்டுக் குடங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் தட்டு போட்டு மூடியிருந்தது. குடங்கள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தன. ஒன்றுக்கு யாரோ மஞ்சள் குங்குமம்கூட வைத்திருந்தார்கள்.

குடத்துத் தண்ணீரை ஏற்கக் கூடாது, பிடி வந்ததும் இன்னொரு நாள் வாருங்கள் என்று சுடர்விழி சொன்னாள். தெரு மொத்தமும் அவளை விசித்திரமாகப் பார்த்தது. செந்தில்குமாருக்கு அன்று இன்னும் நான்கு ஊர் பாக்கி இருந்தது. அதற்குள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து முறுக்கும் வாழைப்பழமும் டீயும் கொடுத்துவிட்டார்கள். டீ திரியவில்லை.

அவர் ஒவ்வொரு குடமாக மீட்டரை விட்டுப் பார்த்தார். 58. 63. 60. 66. எட்டாவது குடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தலைக்காவேரியிலகூட இப்படித் தண்ணி கிடைக்காதுங்க. எதுக்கு மறுசோதனை கேட்டீங்க?"

"எனக்குக் கரிக்குதுங்க சார்" என்றாள் சுடர்விழி.

"அதுக்கு நாக்குல பிரச்சினைங்க சார்" என்று அம்மா சொன்னாள். "மாத்திர சாப்புடுது."

செந்தில்குமார் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு எழுதினார். எட்டு மாதிரிகள், எட்டும் மிகவும் உகந்தவை. முதல் இரண்டு முடிவுகளையும் இணைத்து, மூன்றும் சேர்ந்த ஒரே சான்றாகத் தருகிறேன் என்றார். அம்மா அதில் தெருவின் பெயர் தெளிவாக இருக்குமா என்று கேட்டாள். முத்திரை வட்டமாகவா நீளமாகவா என்றும் கேட்டாள்.

பிடி அன்று மாலையே பம்புக்கு வந்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பா வயலிலிருந்து குனிந்தபடியே வந்தார். வலது விலாவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வியர்த்துக் கொட்டியது. டேங்கர் நின்ற பிறகு அம்மா அவருக்கென்று கேன் வாங்கித்தான் வைத்திருந்தாள். ஆனால் வயல் வேலைக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. முடிவுதான் பலகையிலேயே ஒட்டியிருக்கிறதே என்று அவர் வழியில் பம்படியில் குனிந்து வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வாரமாக அப்படித்தான்.

திருவாரூரில் ஸ்கேன் எடுத்தார்கள். ஏழு மில்லிமீட்டரில் கல். டாக்டர் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். வீரையன் வலியிலும் கொஞ்சம் பெருமையோடு, நீ சொல் என்பதுபோல அன்பரசனைப் பார்த்தார். அன்பரசன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பாவே சட்டைப் பையிலிருந்து சான்றின் நகலை எடுத்துக் கொடுத்தார்.

டாக்டர் அதை முழுக்கப் படித்தார். இவ்வளவு நல்ல தண்ணீர் குடிப்பவருக்குக் கல் வந்தால் அது சாப்பாட்டில்தான் கோளாறு என்றார். தக்காளி, கீரை இரண்டையும் நிறுத்தச் சொன்னார். தண்ணீரை மட்டும் இதையே தினமும் நான்கு லிட்டர் குடிக்கச் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினார்கள். அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இடையில் ஒருமுறை, "இன்னும் ஒரு வாரம்தான், பொறுத்துக்குங்க" என்றாள். எது ஒரு வாரம் என்று சுடர்விழி கேட்டாள். மாத்திரை ஒரு வாரத்துக்குத்தான் எழுதியிருக்கிறது என்று அம்மா சொன்னாள். மாத்திரைச் சீட்டில் பத்து நாள் என்று இருந்தது. அதைத் தவறாகப் படித்தது அம்மாவா தானா என்று சுடர்விழி இரண்டு முறை சரிபார்த்தாள்.

மனு தள்ளுபடியானது. மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் முப்பதாம் தேதி. மாலதி போனில் சொன்னது ஒன்றுதான்: "கருவி மூணு தடவையும் சரியாத்தான் காட்டியிருக்கு, சுடர். நீங்களும் தப்பு பண்ணல. அப்ப என்ன நடந்துச்சுன்னு காரணத்தோட எழுதிக் கொண்டாங்க. காரணம் இல்லாம நான் எதையும் திறக்க முடியாது."

நீங்களும் தப்பு பண்ணல என்ற வாக்கியத்தை அவள் நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டாள். ஆறுதலாக இல்லை. தன் தவறாக இருந்தால் அதைத் திருத்தியிருக்கலாம். இப்போது திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. முறையீட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிரப்பினாள். நிலத்தடியில் அடுக்கு மாறியிருக்கலாம் என்று எழுதி அடித்தாள். மழை என்று எழுதினாள். அந்த மாதம் மழை பெய்யவில்லை, அதையும் அடித்தாள்.

இருபத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை சாயந்திரம், உரக்கடையிலிருந்து கிளம்பி நன்னிலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் பர்வின், கணக்குத் தேர்வுக்குப் படிக்கும் மகளைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சுடர்விழி முறையீட்டையும் ஆய்வகச் சான்றையும் நீட்டி, எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வேண்டும் என்றாள்.

பர்வின் முறையீட்டைத் தனியாக வைத்தாள். சான்றின் முத்திரையைப் பார்த்ததும் அதைப் படிக்காமலேயே இயந்திரத்துக்குள் வைத்தாள்.

"இது கலர்ல தானே? ஜாதகத்தோட சேத்து லேமினேட் பண்ணிரவா, தனியா வேணுமா?"

சுடர்விழிக்குப் புரியவில்லை. எந்த ஜாதகம் என்று கேட்டாள்.

"நீங்க வாய்க்கால் தெரு தானே? உங்க தெருவுல பதினொரு பையன்களுக்கு எடுத்தாச்சு. முன்பக்கம் ஜாதகம், பின்பக்கம் இது. உப்புத்தண்ணி தெருவுக்குப் பொண்ணு தரமாட்டோம்னு சொன்ன வீடுங்களுக்கெல்லாம் அனுப்புறாங்களாம். இந்த வாரம் நாலு எடம் வீடு பாக்க வர்றதாக்கூடச் சொன்னாங்க."

 முதலில் வந்தது யார் என்று சுடர்விழி கேட்டாள். 

பர்வின் மூடியைச் சாத்திவிட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

"உங்க அம்மாதான். மொதோ ரிப்போர்ட் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்து, லேமினேஷன் என்ன வெலைன்னு கேட்டுட்டுப் போனாங்க."

செப்டம்பர் 29, திங்கள். நாளைய வேலை: காலை ஐந்தரை மணிக்கு அடிபம்பில் ஐந்து நிமிடம் அடித்த பிறகு தண்ணீர் பிடிப்பது. பாட்டிலை யார் வீட்டுக்குள்ளும் கொண்டுபோகாமல் 6.20 பஸ்ஸில் ஏறுவது. பத்து மணிக்கு மாலதி மேடத்தின் மேஜையில் வைத்து, அவர் முன்னாலேயே அளக்கச் சொல்வது. காரணம் என்ற கட்டத்தை நிரப்புவது. பிறகு அண்ணனுக்குப் போன் செய்து சொல்லிவிடுவது.